கெட்டிலில் வெள்ளை படிந்தால் தண்ணீர் கெட்டுவிட்டதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றித்தான். ஆய்வுக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் குழாய்த் தண்ணீரைச் சோதித்தவள் என்பதால் எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். முதல் கடிதம் அவசரமானது, அதனால் அதற்குத்தான் அதிக இடம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, வணக்கம். என் மகள் மேற்படிப்புக்குச் சிகாகோ போய் மூன்று மாதம் ஆகிறது. மிச்சிகன் ஏரிக்குப் பக்கத்தில், மூன்று அடுக்குப் பழைய வீடு ஒன்றில் இரண்டு தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறாள். போன வாரம் வீடியோவில் கெட்டிலைத் திறந்து காட்டினாள், அடியெல்லாம் சுண்ணாம்பு அப்பின மாதிரி வெள்ளை. தேநீர் மேல் பளபளவென்று ஒரு ஆடை மிதக்கிறதாம். தலைமுடி நார் மாதிரி ஆகிவிட்டதாம். துவரம்பருப்பு நான்கு விசில் விட்டும் முழுசு முழுசாகக் கிடக்கிறதாம். அவ்வளவு பெரிய ஏரித் தண்ணீர் இப்படியா இருக்கும்? போத்தல் தண்ணீர் வாங்கச் சொல்லட்டுமா, இல்லை தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் ஏதாவது மாட்டச் சொல்லட்டுமா? ஊரில் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் ‘பருப்பு வேகாத தண்ணி’ என்று ஒதுக்குவோம், அந்த ஞாபகம்தான் வருகிறது. – ஜூரோங் வெஸ்ட் வாசகி

அம்மா, உங்கள் மகள் காட்டிய வெள்ளை அழுக்கு இல்லை, கல். மிச்சிகன் ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் நிறைய. மழையும் ஓடைகளும் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஏரிக்குள் கொண்டு சேர்க்கின்றன. கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. கெட்டிலில் கொதிக்க வைத்ததும் கரைந்தது மறுபடியும் கல்லாகி அடியில் படிகிறது, அவ்வளவுதான்.

இப்படித் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். சிகாகோ குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக்கல்) கணக்கில். அமெரிக்க வழக்கப்படி 60 வரைக்கும் மென்னீர், 120க்கு மேல் போனால் கடின நீர், 180ஐத் தாண்டினால் மிகக் கடின நீர். ஆகவே சிகாகோ ‘கடினம்’ என்ற பிரிவின் கீழ்ப்படியில் நிற்கிறது. டொராண்டோவும் ஜெனீவாவும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான், அவையும் ஏரிக்கரை ஊர்கள். உங்கள் ஊர்க் கிணற்றில் இதைப்போல மூன்று நான்கு மடங்கு இருந்திருக்கலாம். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணறுகளில் அதெல்லாம் சாதாரணம்.

உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் வரம்பே வைக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் நாம் சாப்பாட்டில் தேடிப்போகிற சத்துகள். தேநீர் மேல் மிதக்கிற ஆடையும் அந்தக் கால்சியம் தேயிலைச் சத்தோடு சேர்ந்து உண்டாவதுதான், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கலைந்துவிடும். முடி நாராவதற்குச் சோப்பும் கால்சியமும் சேர்ந்து பிசினாக முடியில் ஒட்டிக்கொள்வது ஒரு காரணம், அந்த ஊர்க் குளிர்காற்றின் வறட்சி இன்னொரு காரணம். கெட்டிலில் பாதி வினிகர் பாதி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள். காதைக் கிட்டே வைத்தால் புஸ்ஸென்று சத்தம் கேட்கும், கல் கரைகிற சத்தம் அது. அப்புறம் நன்றாக அலசிவிட்டு ஒரு முறை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டால் போதும், கெட்டில் புதிதாகிவிடும்.

பருப்பு விஷயத்தில் நம் பாட்டிமார் சொன்னது சரிதான். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது, அதனால் குழையாது. ஆனால் 140 அளவுக்கு நான்கு விசில் விட்டும் வேகவில்லை என்றால் எனக்குத் தண்ணீரைவிடப் பருப்பின் மேல்தான் சந்தேகம். கடையில் நெடுநாள் கிடந்த பழைய பருப்பு எந்தத் தண்ணீரிலும் வேகாது. இரண்டு மணி நேரம் ஊற வைத்து, ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு வேக வைக்கட்டும். சிட்டிகைக்கு மேல் போனால் சவக்கார வாடை வரும். தக்காளியும் புளியும் பருப்பு குழைந்த பிறகுதான் போக வேண்டும், ஏனென்றால் புளிப்பும் பருப்பை வேகவிடாது.

மென்மையாக்கும் இயந்திரம் வாடகை வீட்டுக்கு வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. கொதிகலனும் குழாயும் நீடித்து உழைக்க உதவும், குடிக்கிறவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

சரி, கடினத்தன்மை அவ்வளவுதான். ஆனால் அம்மா, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கெட்டில் இல்லை. ‘மூன்று அடுக்குப் பழைய வீடு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்வதில் சிகாகோ பழுத்த ஊர். தன் கழிவு ஏரிக்குள் போகாமலிருக்க 1900ல் நதியின் ஓட்டத்தையே எதிர்ப்பக்கம் திருப்பிய ஊர் அது. கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்குள் நிற்கும் மேடைகள் வழியாகத் தண்ணீரை எடுக்கிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. ஆலையை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் கடைசி முப்பது அடியில், அதாவது தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் வருகிற சின்ன இணைப்புக் குழாயில். சிகாகோவில் சின்னக் கட்டடங்களுக்கு அந்த இணைப்பை ஈயத்தில்தான் போட வேண்டும் என்று நகர விதியே இருந்தது, 1986ல் மத்திய அரசு தடை போடும் வரைக்கும். இன்றைக்கும் அந்த ஊரில் ஏறத்தாழ 400,000 ஈய இணைப்புகள் மண்ணுக்குள் இருக்கின்றன, வேறெந்த அமெரிக்க நகரத்திலும் இவ்வளவு கிடையாது.

‘ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அந்த ஈயமா?’ என்று கேட்பீர்கள். அது வெள்ளீயம். இது காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது, பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிப்பது. குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத் தகுந்த அளவே இதற்குக் கிடையாது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. உங்கள் மகள் காட்டிய வெள்ளை மாதிரி எங்கேயும் படிந்து நின்று எச்சரிக்கவும் செய்யாது.

அதனால் இன்றைக்கே அவளை அழைத்து, அந்தக் கட்டடம் எந்த வருடம் கட்டினது என்று கேளுங்கள். 1986க்கு முன்னால் என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பேஸ்மென்ட்டுக்குப் போய், தரை வழியாகவோ சுவர் வழியாகவோ குழாய் உள்ளே வந்து மீட்டரில் சேரும் இடத்தைத் தேடட்டும். அங்கே ஒரு நாணயத்தால் மெதுவாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மங்கிய சாம்பல் நிறம் விலகி, உள்ளே வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரிந்து, நாணயம் வெண்ணெயில் கோடு போட்ட மாதிரி இறங்கினால், காந்தமும் ஒட்டாமல் போனால், அது ஈயம். பழைய செப்புக்காசு நிறம் என்றால் செம்பு. காந்தம் ஒட்டினால் இரும்பு. நான் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தபோது இப்படித்தான் மண்டியிட்டுச் சுரண்டினேன், அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வீட்டில் ஆறு மாதக் குழந்தைக்கு அதே குழாயில் பிடித்துத்தான் பால் மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஈயக் குழாய்தான் என்று தெரிந்தால் பதற வேண்டாம், ஆனால் அன்றைக்கே பழக்கத்தை மாற்ற வேண்டும். இரவு முழுக்கக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரில்தான் ஈயம் அதிகம் இறங்கியிருக்கும், ஆகவே காலையில் ஐந்து நிமிடம் ஓட விட்டு அப்புறம் பிடிக்கட்டும். யாராவது குளித்து முடித்தாலே அந்த வேலை நடந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த குழாயில் மட்டும் பிடிக்க வேண்டும், வெந்நீர் ஈயத்தை அதிகம் கரைக்கும். வடிகட்டி வாங்கினால் ஈயத்தை நீக்குவதற்கான ‘என்எஸ்எஃப் 53’ முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்கட்டும், முத்திரை இல்லாததற்குக் காசு கொடுக்க வேண்டாம். சிகாகோ நகரமே வீட்டுத் தண்ணீரை இலவசமாகச் சோதித்துத் தருகிறது, 311 என்ற நகர எண்ணில் கேட்டால் போதும்.

இன்னொன்று, நம் வீட்டுப் பழக்கத்தினால் சொல்கிறேன்: கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாகப் போய், மிச்சத் தண்ணீரில் ஈயத்தின் அளவு கூடத்தான் செய்யும்.

ஐயம் ஒன்று. எந்த ஊர்த் தண்ணீராக இருந்தாலும் நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும் என்றுதானே சிறு வயதிலிருந்து சொல்லித் தந்தார்கள்? ஏரித் தண்ணீருக்கு அது பொருந்தாதா? – உட்லண்ட்ஸ் வாசகர்

கிருமிக்குப் பொருந்தும் ஐயா, மற்றதற்குப் பொருந்தாது. இரண்டு ஏரிக்கரை ஊர்களின் கதையைச் சொன்னால் விளங்கிவிடும்.

1993 வசந்தகாலத்தில் மில்வாக்கி நகரத்தில், அதுவும் மிச்சிகன் ஏரிக்கரைதான், கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி ஆலையின் வடிகட்டிகளைத் தாண்டி வீட்டுக் குழாய்களுக்கு வந்துவிட்டது. அதன் ஓடு தடித்தது, குளோரின் அதை ஒன்றும் செய்யாது. ஏறத்தாழ 400,000 பேருக்கு வயிற்றுப்போக்கு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பலர் இறந்தார்கள். அங்கே கொதிக்க வைத்த தண்ணீர்தான் மக்களைக் காப்பாற்றியது, ஏனென்றால் ஒட்டுண்ணி கொதியில் செத்துவிடும்.

2014 ஆகஸ்டில் டொலிடோ நகரத்தில், ஈரி ஏரிக்கரை, இதற்கு நேர் எதிர். வயல்களிலிருந்து வழிந்த உரத்தைத் தின்று ஏரி பச்சைக் குழம்பு மாதிரி பாசி பிடித்தது, அந்தப் பாசியின் நஞ்சு குழாய்த் தண்ணீரிலும் இருப்பது தெரிந்தது. குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று 400,000க்கு மேற்பட்டவர்களுக்கு அறிவிப்புப் போனது. மைக்ரோசிஸ்டின் என்ற அந்த நஞ்சு கொதித்தால் அழியாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தியாகும். மூன்று நாள் ஊரே போத்தல் தண்ணீரில் ஓடியது.

வெளியூரில் தண்ணீர் பற்றி அறிவிப்பு வந்தால் ‘கொதிக்க வையுங்கள்’ என்கிறார்களா ‘குடிக்காதீர்கள்’ என்கிறார்களா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

சிங்கப்பூர்த் தண்ணீர் கடினமா மென்மையா? வாஷிங் மெஷினில் சுண்ணாம்பு நீக்கும் பொடி போட வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். – பிடோக் வாசகி

பெரும்பாலும் மென்மை. நம் நீர்த்தேக்கங்களில் சேர்வது மழைத் தண்ணீர், அது சுண்ணாம்புப் பாறை மேல் நெடுநாள் கிடந்து வருவதில்லை. ஜொகூர் ஆற்றுத் தண்ணீரும் அப்படித்தான். புதுநீரும் (பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துத் திரும்பக் குடிநீராக்கியது) கடல்நீரைச் சுத்திகரித்த நீரும் சவ்வு வழியாக வருவதால் தாது மிகக் குறைவு. இந்த நான்கும் கலந்து வருகிற விகிதம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், பொடி போடுகிற அளவுக்கு மாறாது. சவர்க்காரத் தூளைக்கூட நீங்கள் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம்.

காலையில் குழாயைத் திறந்தால் சில நாள் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது, போன மாதம் ஒரு நாள் பழுப்பாகவும் வந்தது. நாங்கள் பதின்மூன்றாவது மாடி. எதற்குப் பயப்பட வேண்டும்? – தோ பாயோ வாசகர்

பால் மாதிரி வந்தால் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து மேசை மேல் வையுங்கள். கீழேயிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தால் வெறும் காற்றுக் குமிழி, குடிக்கலாம். மேலேயிருந்து கீழாகத் தெளிந்து அடியில் ஏதாவது தங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

பழுப்பு வந்ததென்றால் முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் வந்திருந்தால் தெருவில் குழாய் வேலை நடந்திருக்கலாம், அல்லது மொட்டைமாடித் தொட்டியின் அடி கலங்கியிருக்கலாம். உங்கள் மாடிக்கெல்லாம் தண்ணீர் அந்தத் தொட்டி வழியாகத்தான் வரும். வருடத்துக்கு ஒரு முறை அதைச் சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது விதி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் என்றால் அது நகர மன்றத்தின் பொறுப்பு. தேதியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்படாதீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் வந்ததென்றால் வீட்டுக்குள் இருக்கும் குழாயில்தான் கோளாறு. கறுப்பாகத் துணுக்குத் துணுக்காக வந்தால் பெரும்பாலும் ரப்பர் வாஷர் உதிர்கிறது, உரிமம் பெற்ற குழாய்க்காரரை வைத்து மாற்றிவிடுங்கள்.

கையோடு குழாயின் வாயில் இருக்கும் சின்னச் சல்லடையையும் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்த பல வீடுகளில் அதற்குள் வழவழவென்று கறுப்பாக ஒரு பசை சேர்ந்திருக்கும், ஊருக்கே நல்ல தண்ணீர் வந்து கடைசி அரை அங்குலத்தில் கெடும். பழைய பல் துலக்கியால் தேய்த்தால் இரண்டு நிமிட வேலை.

அக்கா, குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று அப்பா சொன்னார். அப்படியே செய்து தொட்டியில் ஊற்றினேன், என் கப்பி மீன்கள் எல்லாம் செத்துவிட்டன. ஏன்? – யீஷூன், உயர்நிலை ஒன்று மாணவன்

தம்பி, உன் மேல் தப்பில்லை, அப்பா மேலும் தப்பில்லை. அவர் சொன்னது வெறும் குளோரினுக்குச் சரி. இங்கே பயன்படுத்துவது குளோரமின், அதாவது குளோரினோடு கொஞ்சம் அம்மோனியா சேர்ந்தது. குழாயில் நெடுந்தூரம் போனாலும் கிருமிக்கு எதிராக நிலைத்து நிற்க வேண்டும் என்றுதான் அதைச் சேர்க்கிறார்கள், அதனால் ஒரு இரவில் பறந்து போகாது. நமக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அது வயிற்றுக்குள் போகிறது. மீனுக்கு அது செவுள் வழியாக நேராக இரத்தத்தில் கலக்கிறது. அடுத்த முறை மீன் கடையில் ‘குளோரமினையும் நீக்கும்’ என்று எழுதியிருக்கிற மருந்தாகப் பார்த்து வாங்கு, தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றாமல் கால்வாசி கால்வாசியாக மாற்று.

என் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. முந்தாநாள் ஒருவர் கதவைத் தட்டி வந்து, குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் காட்டினாராம். ஒரு நிமிடத்தில் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த இயந்திரத் தண்ணீர் மட்டும் அப்படியே தெளிவாக இருந்ததாம். ‘இத்தனை வருடம் இதையா குடித்தோம்’ என்று அம்மா அழுதுவிட்டார். 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் விலை, முன்பணம் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் ஏன் அப்படி ஆனது? – செங்காங் வாசகி

உங்கள் அம்மா அழுதார் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்கள் இத்தனை வருடம் குடித்தது நல்ல தண்ணீர். அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. மின்சாரத்தில் இணைத்த அந்த இரண்டு கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் கால்சியம் மாதிரித் தாதுக்கள் கொஞ்சம் இருந்தாலே மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்பு கரைந்து துருவாகும், அந்தத் துருதான் குவளையில் மிதந்தது. இயந்திரத் தண்ணீரில் தாதுவை எல்லாம் எடுத்துவிட்டதால் மின்சாரம் ஓடவில்லை, கம்பி கரையவில்லை, தெளிவாக இருந்தது. அவர் மறுபடி வந்தால், அந்தத் தெளிந்த தண்ணீரில் சமையலறை உப்பை ஒரு சிட்டிகை போட்டுவிட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். நாங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது இதைத்தான்.

பேனா மாதிரி ஒரு கருவியை முக்கி எண்ணைக் காட்டியிருந்தால் அதையும் நம்ப வேண்டாம். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்பதைத்தான் அது மின்சாரம் ஓடுவதை வைத்துச் சொல்லும். முதல் கடிதத்து அம்மாவின் மகள் வீட்டில் ஈயம் இருந்தால்கூட அந்த எண் அசையாது, அவ்வளவு சின்ன அளவு அது. கிருமியும் அதற்குத் தெரியாது. சிங்கப்பூருக்குத் தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர் வடிகட்டி இல்லாமலே குடிக்கத் தகுந்தது. விலையோ ஆயிரம் லிட்டருக்கு, ஜிஎஸ்டி சேராமல், 3 வெள்ளி 24 காசு.

இப்போது பணத்தைப் பாருங்கள். அழைக்காமல் வீடு தேடி வந்து விற்ற பொருளுக்கு, ஒப்பந்தம் செய்த பிறகு ஐந்து நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, சனி ஞாயிறும் பொது விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. முந்தாநாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழ் கைக்கு வருவதற்குள் நாள் போய்விடும் என்பதால் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். ரத்து செய்கிறோம் என்று எழுத்தில் அனுப்புங்கள், அனுப்பியதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். முன்பணத்தைத் திருப்பித் தர இழுத்தடித்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் ரசீதோடு போங்கள்.